கண்டிச் சீமையின் சராசரி

2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. அடுத்த சில வாரங்களுக்கு நம் பக்கத்தில் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: சிலோன் கவிழ்ந்துவிட்டது, இந்தியா முந்திவிட்டது. இதற்கு நேரெதிரான பேச்சு ஒன்றும் நம்மிடம் வெகுகாலம் புழங்கியது. ஐம்பது, அறுபதுகளில் கப்பலேறிப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சோப்பையும் டார்ச் லைட்டையும் பார்த்து வியந்த தலைமுறை, இலங்கை வானொலியைத் திருப்பிவைத்துப் பாட்டுக் கேட்ட தலைமுறை, அந்தத் தீவில் எதற்கும் பஞ்சமில்லை என்றே நம்பியது. ஆதாரம் கேட்டால் இரண்டு தரப்பும் நீட்டுவது ஒரே சீட்டைத்தான்: ஆளுக்கு இத்தனை டாலர் என்கிற தலா வருமானம். ஒரே எண் ஒரு காலத்தில் அவர்களுக்கும் இன்னொரு காலத்தில் நமக்கும் சாட்சி சொல்கிறது என்றால், முதலில் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியது சாட்சியைத்தான்.

முசிறிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். (சங்கப் பாடல்களில் யவனர் கப்பல் வந்த முசிறி வேறு, அது சேரநாட்டுத் துறைமுகம். இது காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே, கோரையும் வாழையும் வெற்றிலையும் விளையும் ஊர்.) இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி முன்வரிசையில் இருந்தது, அதிலும் அன்றைய முசிறி, நாமக்கல் வட்டங்களின் மானாவாரிக் கிராமங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். தோட்டத் துரைமார்கள் 1904-இல் ஏற்படுத்திய சிலோன் லேபர் கமிஷன் தன் தலைமை அலுவலகத்தைத் திருச்சியில்தான் வைத்தது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனை முடிந்து தலைமன்னாருக்குப் படகேறினால் கண்டிச் சீமை. 1939-இல் இந்திய அரசு கூலியாட்கள் வெளியேறுவதற்குத் தடை போடும்வரை இது நடந்தது. ஆகவே இந்திய, இலங்கை ஒப்பீடு இந்தப் பகுதிக்காரருக்குப் பொருளாதாரப் பாடம் மட்டுமல்ல. தாத்தா அந்தக் கரையிலேயே இருந்திருக்கலாமா, திரும்பி வந்தது நல்லதா என்று குடும்பங்களுக்குள்ளேயே ஓடுகிற வழக்கு.

முதலில் டாலர் கணக்கு. உலக வங்கி வெளியிடும் வரிசைப்படி, 1960-இல் இந்தியாவின் தலா உற்பத்தி ஏறத்தாழ 83 டாலர். இலங்கையுடையது ஏறத்தாழ 143. அதாவது அவர்கள் நம்மைப்போல் 1.7 மடங்கு. 1990-இல் நாம் சுமார் 370, அவர்கள் சுமார் 465, இடைவெளி 1.25 மடங்காகச் சுருங்கியது. 2008-இல் நாம் ஆயிரத்தை ஒட்டி, அவர்கள் இரண்டாயிரத்தை ஒட்டி; மறுபடி இரு மடங்கு. 2014-இல் அது 2.4 மடங்கு வரை போனது. 2022-இல் 1.4-க்கு இறங்கியது.

இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணகர்த்தாவைக் கட்டியாயிற்று. அறுபது, எழுபதுகளின் சரிவுக்கு பண்டாரநாயக்க குடும்பத்தின் சோஷலிசம், பிற்பாடு ஏறியதற்கு ஜெயவர்த்தனவின் திறந்த சந்தை, 2009-க்குப் பின் எகிறியதற்குப் போர் முடிந்தது, 2022-க்கு ராஜபக்சக்கள். இவற்றில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் தேடப் போவதற்கு முன், விளைவு நடந்ததா என்று பார்க்க வேண்டாமா?

1977-ஐயும் 1978-ஐயும் மட்டும் எடுத்துக்கொள்வோம். 1977-இல் இலங்கையின் மொத்த உற்பத்தி 410 கோடி டாலர்; அடுத்த ஆண்டில் 273 கோடி. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. ஆளுக்கு ஏறத்தாழ 290 டாலர் என்பது 190 சொச்சமாக விழுந்தது. அதே ஆண்டில் இந்தியா சுமார் 205. ஆக, உலக வங்கியின் வரிசையை அப்படியே நம்பினால் 1978-இல் இந்தியர் இலங்கையரைவிட வசதியானவர். சுனாமி வரவில்லை, போர் நடக்கவில்லை. அந்த ஆண்டு இலங்கையின் உண்மையான உற்பத்தி 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதுவரை அந்நாடு கண்ட மிக நல்ல ஆண்டுகளில் ஒன்று அது.

நடந்தது இதுதான். 1968 முதல் இலங்கையில் டாலருக்கு இரண்டு விலை இருந்தது. அரிசி, மாவு போன்ற இறக்குமதிக்கு ஒரு விலை; மற்றவற்றுக்கு அதற்கு மேல் கூடுதல் கட்டணம், கடைசியில் 65 சதவீதம். 1977 நவம்பரில் புதிய அரசு இரண்டையும் ஒன்றாக்கி ரூபாயை மிதக்கவிட்டது. எட்டேமுக்கால் ரூபாயை ஒட்டி இருந்த டாலர் பதினாறுக்குப் போனது. உற்பத்தியை டாலராக்கும் வகுத்தல் கணக்கில் கீழே நிற்கும் எண் பெரிதாயிற்று, விடை சிறிதாயிற்று. தோட்டத்தில் கொழுந்து குறையவில்லை, வயலில் நெல் குறையவில்லை. அதற்கு முன் பல ஆண்டுகளாகக் காட்டிய 250, 290 டாலர்தான் செயற்கையாகத் தூக்கிப் பிடிக்கப்பட்ட எண்; 190 அந்தப் பொய்யின் பாக்கி வசூல்.

நம் கணக்கும் யோக்கியமல்ல. 1966 ஜூன் 6-ஆம் தேதி டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50-க்குப் போனபோதும், 1991 ஜூலையில் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டபோதும் இதே வேடிக்கை நடந்தது. 1990-இல் 370 டாலர் அளவில் இருந்த இந்தியத் தலா உற்பத்தி அடுத்த ஆண்டு 300-ஐ ஒட்டி விழுந்தது. உண்மை உற்பத்தியோ ஒரு சதவீதம் வளர்ந்திருந்தது. இரண்டு நாடுகளும் வெவ்வேறு ஆண்டில் மதிப்பைக் குறைத்துக்கொள்வதால், எந்த ஆண்டில் படம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து யார் உயரம், யார் குள்ளம் என்பது மாறுகிறது. இழுத்தால் நீளும் ரப்பர் நாடாவால் இருவரை அளந்துவிட்டு வளர்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது போன்றது இது.

நாடாவை எதிர்த்திசையில் இழுத்ததும் நடந்தது. 2004-இலிருந்து 2011 வரை இலங்கையில் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 2008-இல் மட்டும் பணவீக்கம் 22 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஏழு ஆண்டில் டாலர் 101 ரூபாயிலிருந்து 110 அளவுக்குத்தான் நகர்ந்தது. விலை இரட்டித்தும் நாணய விகிதம் நின்ற இடத்திலேயே நின்றால், டாலரில் மாற்றும்போது வெறும் விலையேற்றமே வளர்ச்சி வேடம் போடும். ஆயிரத்துச் சொச்சமாக இருந்த தலா டாலர் மும்மடங்கை நெருங்கியதில் பெரும்பங்கு இப்படி வந்தது. இன்னொரு பங்கு இன்னும் விசித்திரம். உலக வங்கி வரிசையில் 2009-இல் இலங்கையின் உற்பத்தி 4,200 கோடி டாலர். 2010-இல் 5,600 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு உண்மை வளர்ச்சி 8 சதவீதம்தான். மீதியில் கணிசமானது, 2010-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துப் புள்ளிவிவரத் துறை புதிதாகக் கணக்கெழுதியதால் வந்தது. பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டவைக்கப்பட்ட தையலை யாரும் கவனிக்கவில்லை. போர் முடிந்ததன் பலன் என்று மேடைதோறும் காட்டப்பட்ட வரைபடத்தின் செங்குத்தான இடம் அந்தத் தையல்தான்.

2020 அக்டோபரில் பங்களாதேஷ் 1,888 டாலர், இந்தியா 1,877 என்று சர்வதேச நிதியம் மதிப்பிட்டதும் இங்கே எத்தனை கூச்சல். பதினொரு டாலர்! அதற்கு வாய்ச்சண்டை போட்டவர்கள் முந்தைய பத்தியைப் படித்திருந்தால் போதும்.

சரி, டாலர் சந்தை விலை ஆகாது. அடுத்த சாட்சி வாங்கும் திறன். இதன் நியாயம் எளிது. முசிறிக் கோரைப்பாயைப் பாருங்கள். ஆற்றங்கரையில் கோரையை அறுத்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டு, சாயம் ஏற்றி, தறியில் பாயாக இறக்கும்வரை அதற்குள் இருப்பது பெரும்பாலும் மனிதக் கூலி. அந்தக் கூலியை டாலராக்கினால் கேவலமாகத் தெரியும். ஆனால் நெய்தவர் தன் கூலியை நியூயார்க்கில் செலவழிக்கப் போவதில்லை. முசிறியிலேயே முடிவெட்டிக்கொள்வார், மாவு அரைப்பார், பஸ் ஏறுவார். அவையும் இங்கே மலிவு. ஆகவே ஒரே தரமுள்ள பொருளுக்கும் சேவைக்கும் இரு நாடுகளிலும் என்ன விலை என்று எடுத்து, அந்த விகிதத்தால் வருமானத்தை மாற்ற வேண்டும்.

இப்படிக் கணக்கிட்டுப் பழங்காலம்வரை நீட்டியவர் ஆங்கஸ் மாடிசன். 1990-ஆம் ஆண்டின் டாலர் விலையில் அவர் தந்த எண்களின்படி, 1950-இல் இந்தியா ஆளுக்கு 619, இலங்கை 1,253: ஏறத்தாழ இரு மடங்கு. 1973-இல் 853-க்கு 1,504. 1990-இல் ஏறத்தாழ 1,300-க்கு 2,400. 2008-இல் மூவாயிரத்தைத் தொடும் இந்தியாவுக்கு எதிரே ஐயாயிரத்தை நெருங்கும் இலங்கை. மடங்கு இரண்டு, 1.75, 1.85, 1.65 என்று, நடுவே சற்று ஏறினாலும், மெதுவாகக் கரைகிறது. இனி இரண்டு சாட்சிகளையும் எதிரெதிரே நிறுத்துங்கள். 1990-க்கும் 2008-க்கும் இடையில் சந்தை டாலர் சொல்வது: இலங்கை 1.25 மடங்கிலிருந்து இரு மடங்குக்குத் தாவியது. வாங்கும் திறன் சொல்வது: இலங்கையின் முன்னிலை சற்றுக் குறைந்தது. அதே நாடுகள், அதே பதினெட்டு ஆண்டுகள், நேரெதிர்க் கதைகள். இரண்டும் சரியாக இருக்க முடியாது. நான் இரண்டாவது சாட்சியின் பக்கம். அதன் பாதையில் 1978 போன்ற பைத்தியக்காரப் பள்ளங்கள் இல்லை. பயிர், மின்சாரம், சிமெண்ட், பள்ளிச் சேர்க்கை என்று தொட்டுப் பார்க்கக்கூடிய எதுவும் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு விழுந்ததில்லை என்பதோடு அது பொருந்திப் போகிறது.

இரண்டாவது சாட்சியும் முழுச் சத்தியவான் இல்லை. விலை விசாரணை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளை நீட்டி நிரப்புகிறார்கள். 2005-க்கான விசாரணை முடிவு 2007 டிசம்பரில் வந்தபோது இந்தியாவின் வாங்கும் திறன் உற்பத்தி ஒரே நாளில் ஏறத்தாழ 40 சதவீதம் வெட்டப்பட்டது. சீனாவுக்கும் அதே கதி. அதற்கு முன் இந்தியா பங்கேற்ற விசாரணை 1985-இல் நடந்தது. இருபது ஆண்டு ஊகத்துக்குக் கிடைத்த அடி அது. ஆகவே 1.65 என்பதை 1.65 என்று படிக்கக் கூடாது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவே என்று படிக்க வேண்டும்.

மேலும், மாற்றும் விகிதம் எதுவானாலும் மாற்றப்படும் உள்நாட்டுக் கணக்கே தள்ளாடினால் என்ன செய்வது? முசிறி வட்டாரத்தில் வீட்டோரமாக ஓடும் பாய்த் தறிகளை ஆண்டுதோறும் யாரும் எண்ணுவதில்லை. என்றோ எடுத்த கணக்கெடுப்பின் விகிதத்தை, பெரிய தொழில்களின் போக்கோடு சேர்த்து ஊகிக்கிறார்கள். 2015 ஜனவரியில் அடிப்படை ஆண்டை 2011-12-க்கு மாற்றியபோது, 2013-14-இன் வளர்ச்சி 4.7 சதவீதத்திலிருந்து 6.9-ஆக உயர்ந்தது. அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியனே 2019-இல், 2011-12 முதல் 2016-17 வரை வளர்ச்சி ஆண்டுக்கு இரண்டரைப் புள்ளி மிகையாகச் சொல்லப்பட்டிருக்கலாம் என்று எழுதினார். அவர் முறையில் பலர் குறை கண்டார்கள். குறையில் நியாயமும் உண்டு. ஆனால் 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பின்போது ரொக்கத்தில் ஓடும் சிறுதொழில்கள் தடுமாறிய காலாண்டுகளில் தேசிய வளர்ச்சி எண் அதிகம் கலங்காமல் இருந்ததற்கு இந்த ஊக முறையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியவில்லை. இலங்கையின் தையல்களைச் சுட்டும்போது நம் துணியையும் விரித்துக் காட்டிவிட வேண்டும்.

இனி வகுத்தலின் கீழ்ப்பகுதி. மேலே உற்பத்தி, கீழே தலைகள். யாருடைய தலைகள்?

1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்குப் போய்த் தங்கிய மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டபோது அப்படி நின்றவர்கள் 9,75,000 பேர் என்று வைத்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. (அந்த மீதியை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.) அன்றைய இலங்கையின் மக்கள்தொகை ஒரு கோடியே ஆறு லட்சம் அளவு. ஏறத்தாழ பதினொருவரில் ஒருவர்.

தலா வருமானம் குடியுரிமையைக் கேட்பதில்லை. வசிப்பவர் எல்லாரையும் எண்ணும். எனவே இந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரும் கீழே இருந்தார்கள். அவர்கள் கிள்ளிய தேயிலை மேலே இருந்தது. அந்தக் காலத்தில் தேயிலை, ரப்பர், தென்னை மூன்றும் சேர்ந்து இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு. வாக்காளர் பட்டியலில் மட்டும்தான் அவர்கள் இல்லை. ஆக, 1960-இல் இலங்கை இந்தியாவைவிட 1.7 மடங்கு என்று நாம் சொல்லும்போது, அந்த மடங்கைச் சம்பாதித்துத் தந்தவர்களில் ஒரு பகுதி துறையூர், முசிறிக்காரர்கள். அது அவர்களுக்குக் கிடைத்ததா என்பதைச் சராசரி சொல்லாது. தோட்டங்கள் பல பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்த காலம் வேறு. அவர்கள் லண்டனுக்கு எடுத்துப்போன லாபம் உள்நாட்டு உற்பத்தியில் சேரும், தேசிய வருமானத்தில் கழியும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்து எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் இந்த வித்தியாசம் மங்கியது.

1973, 74-ஐப் பாருங்கள். உலகச் சந்தையில் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறி, இலங்கை அரசு ரேஷனை வெட்டியது. நாட்டுப்புறத்து விவசாயிக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்தவருக்குக் கூலியும் அரிசிக் கூப்பனும்தான். தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த ஆண்டுகளில் தோட்டப் பகுதிகளின் சிசு மரணம் தேசியச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எந்த அளவுகோலால் பார்த்தாலும் அந்நேரம் இலங்கையின் தலா வருமானம் இந்தியாவுடையதைவிட உயரம். மாடிசன் கணக்கில் 1.75 மடங்கு என்று சற்று முன் எழுதினேனே, அது அந்தப் பஞ்சம் தொடங்கிய 1973-ஆம் ஆண்டின் எண்.

ஒப்பந்தப்படி திரும்பியவர்கள், பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ நாலரை லட்சம். நீலகிரியில், பின்னாளில் அரசு தேயிலைத் தோட்டக் கழகமாக (டான்டீ) ஆன திட்டம் 1968-இல் இவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. வேறு பலர் சொந்த ஜில்லாக்களுக்கே வந்து சேர்ந்தார்கள். கணக்கின் கண்ணில் இது ஒரு சின்ன வித்தை: குறைந்த வருமானக்காரர் ஒரு நாட்டைவிட்டுப் போனால், யாருக்கும் ஒரு காசு கூடாமலே அந்நாட்டின் சராசரி உயரும். இதைப் பெரிதுபடுத்தக் கூடாது. போனவர்கள் மக்கள்தொகையில் மூன்று சதவீதம், அவர்கள் வருமானம் சராசரியில் பாதி என்று வைத்தாலும், உயர்வு ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இந்தியப் பக்கம் அறுபது, எழுபது கோடிக்குள் அது தெரியவே தெரியாது. சராசரி அசையவில்லை என்பதால் அந்த மனிதர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று ஆகாது. சராசரிக்கு அவர்களைப் பார்க்கும் பார்வை இல்லை, அவ்வளவே.

வருமானக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஆயுளைப் பார் என்பது படித்தவர்களின் வழக்கமான மறுப்பு. அமர்த்தியா சென் 1981-இல் இலங்கையை முன்னிறுத்தி இதைச் சொன்னார்: ஏழை நாடாக இருந்தும் இலவசக் கல்வி, மானிய அரிசி, ஊர்தோறும் மருத்துவமனை என்று பொதுச் செலவால் அறுபது வயதைத் தாண்டிய சராசரி ஆயுளை எட்டியது. 1960-இல் இலங்கையில் பிறந்த குழந்தை அறுபதை ஒட்டி வாழும். இந்தியாவில் பிறந்தது நாற்பது சொச்சம். 1.7 மடங்கு வருமானத்தால் மட்டும் இந்த இடைவெளி வராது. 1986-இல் சுர்ஜித் பல்லாவும் பால் க்ளூவேயும் ஒரு கூர்மையான குறுக்குக் கேள்வி போட்டார்கள்: இந்த முன்னேற்றம் நடந்தது எப்போது? பெரும்பகுதி 1960-க்கு முன்பே முடிந்துவிட்டது. அதற்குப் பின் இலங்கையின் முன்னேற்றம் அதன் தரத்துக்குத் தனிச் சிறப்பானதல்ல. 1946-இல் 43 வயதை ஒட்டி இருந்த ஆயுள் டிடிடி மருந்தும் மலேரியா ஒழிப்பும் வந்த ஓரிரு ஆண்டிலேயே பத்து வயது கூடியது என்பது அவர்களுக்குத் துணை நிற்கும் உண்மை.

இதில் நான் சென் பக்கமே சாய்கிறேன். ஆனால் பல்லாவின் கேள்வி நம் தலைப்புக்கு அவசியமானது. காலப்போக்கில் ஒப்பிடுகிறோம் என்றால் தொடக்கப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பவர் பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார். 1946-இல் தொடங்கினால் இலங்கை அதிசயம். 1960-இல் தொடங்கினால் சாதாரணம். 1978-இல் தொடங்கி டாலரில் அளந்தால் ஆசியப் புலி. 2014-இல் தொடங்கினால் அழிவு.

கடைசியாகச் சொன்னதைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய பேச்சு அதன் மேல்தான் நிற்கிறது. 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்று ஏற்றியது. தலா தேசிய வருமானம் 4,060 டாலர். மறு ஆண்டே 4,020-ஆகி, கோட்டுக்கு இருபது முப்பது டாலர் கீழே வந்ததால் இறக்கியது. பிறகு பெருந்தொற்று, கடன் முடக்கம். 2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்திருந்த கையை விட்டதும் 203-இல் இருந்த டாலர் இரண்டு மாதத்தில் 360-க்குப் போனது. நாலாயிரத்தை ஒட்டி இருந்த தலா உற்பத்தி 3,340 அளவுக்கு விழுந்தது. இம்முறை விழுந்தது வெறும் நாணயமல்ல. உண்மை உற்பத்தியும் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதம். பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றவர்களுக்கு அந்த வீழ்ச்சி மெய்.

அப்புறம் வந்ததுதான் விந்தை. 2024-இல் டாலர் எண் 4,500 அளவுக்கு ஏறிவிட்டது. நெருக்கடிக்கு முந்தைய உச்சத்துக்கு நிகர், ஏன், சற்று மேல். இரண்டே ஆண்டில் முப்பது சதவீதத்துக்கும் மேல் பணக்காரர் ஆனார்களா? உண்மை உற்பத்தி 2023-இல் மேலும் 2 சதவீதம் சுருங்கி, 2024-இல் 5 சதவீதம் வளர்ந்தது. எல்லாம் கூட்டிக் கழித்தால் 2024-இலும் 2018-ஐத் தொடவில்லை. ஏற்றத்தின் சூத்திரம் வேறு: உள்நாட்டு விலைகள் ஏறிய உயரத்திலேயே நின்றுவிட்டன, டாலர் மட்டும் 300-க்கு இறங்கிவந்தது. போதாக்குறைக்கு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனதில் கீழே வகுக்கும் தலைகளும் குறைந்தன. 2022-இல் இதே எண்ணைக் காட்டி நாம் ஜெயித்தோம் என்றவர்கள் 2024-இல் அதே எண்ணைக் காட்டி அவர்கள் மீண்டுவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் வேண்டாம்.

நாடு நாடாக ஒப்பிடுவதே முசிறிக்காரருக்குப் பொருந்துமா என்பது இன்னொரு கேள்வி. 140 கோடிப் பேரின் சராசரியில், தேசிய அளவில் மூன்றில் ஒரு பங்கே உள்ள பீகாரும் இருக்கிறது, ஒன்றரை மடங்குக்கும் மேல் உள்ள தமிழ்நாடும் இருக்கிறது. இலங்கை 2.2 கோடிப் பேரின் தீவு. தமிழ்நாட்டை எதிரே நிறுத்தினால் கதை தெளிவாகிறது. 1960-களின் தொடக்கத்தில் சென்னை மாநிலத்தின் தலா வருமானம் இந்தியச் சராசரியைவிடச் சற்றே மேல். இலங்கை தெளிவாக முன்னே. இன்று வாங்கும் திறனைத் தோராயமாக வைத்தாலும், டாலரை வைத்தாலும், இரண்டும் தோளோடு தோள். நம் சிசு மரணம் 2020 கணக்கில் ஆயிரத்துக்கு 13, இந்தியாவுக்கு 28. இலங்கை அதிலும் நம்மைவிடப் பாதியளவில்தான் நிற்கிறது.

இதற்கும் ஆட்சேபம் உண்டு. நல்ல மாநிலத்தைப் பொறுக்கி எடுத்து முழு நாட்டோடு மோதவிடுவது நேர்மையா? அப்படியானால் அவர்கள் கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தை அனுப்பலாமே. நாட்டு உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான், தலா கணக்கில் தமிழ்நாட்டைத் தாண்டிவிடும். நமக்கென்று தனி வாங்கும் திறன் விகிதமும் கிடையாது. இந்தியாவின் விகிதத்தைக் கடன் வாங்கித்தான் மேலே சொன்னேன். ஆட்சேபத்தை ஏற்கிறேன். ஆனாலும் சில கோடிப் பேர் என்று ஓரளவு ஒத்த அளவுள்ள, ஒத்த பயிர் விளையும், ஒத்த உணவு உண்ணும் பகுதிகளை ஒப்பிடுவது, கண்டத்தையும் தீவையும் ஒப்பிடுவதைவிடக் குறைந்த பொய் சொல்லும்.

ஆக, என் தீர்ப்பு இது. இந்தியாவும் இலங்கையும் என்ற வழக்கில், சுதந்திரம் முதல் இன்றுவரை ஆள்வீத வருமானத்தில் இலங்கைதான் முன்னே. அந்த முன்னிலை இரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்குப் பக்கம் தேய்ந்திருக்கிறது. நாம் ஒருபோதும் முந்தவில்லை, 1978-இன் எண் என்ன சொன்னாலும். 2014-இன் 2.4 மடங்கு ஊதல். 2022-இன் கவிழ்ப்பில் பாதி ஊதல் இறங்கியது, பாதி நிஜ இழப்பு. தமிழ்நாடும் இலங்கையும் என்ற வழக்கில் வருமான இடைவெளி மூடிவிட்டது, ஆரோக்கிய இடைவெளி மூடவில்லை. பத்தாண்டுக்குக் குறைந்த எந்த டாலர் ஒப்பீட்டையும் சான்றாக ஏற்க மாட்டேன்.

தாத்தா அங்கேயே இருந்திருக்கலாமா என்ற குடும்ப வழக்கு மட்டும் இந்தத் தீர்ப்புக்குள் அடங்காது. அதற்குச் சராசரியை விட்டுவிட்டுக் கூலிக்கு வர வேண்டும். 2024 செப்டம்பரில் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அன்றைய விகிதத்தில் நம் காசுக்கு ஏறத்தாழ 375. அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி 319 ரூபாய். முசிறிப் பக்கத்தில் வாழைத்தார் வெட்டவும் கோரை அறுக்கவும் போகும் ஆண் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வாங்குகிறார். நாட்டுக்கு நாடு டாலரில் 1.7 மடங்கு என்கிறது அந்த ஆண்டின் எண். மலையில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கும் ஆற்றோரம் கோரை அறுக்கும் கூலியாளுக்கும் நடுவே அந்த மடங்கைத் தேடினால் கிடைக்காது. ஒருவேளை திசையே மாறியிருக்கும். மலையில் அந்தக் கூலியும் அன்றைய கிலோ கணக்கை எட்டினால்தான் முழுசாகக் கைக்கு வரும்.